மூணே முக்கால் வட்டி, ப்ரீ-அப்ரூவ்டு!

முப்பது வயது வரை யாரிடமும் கைமாற்று வாங்காதவர் இந்த நாட்டு வங்கிகளின் கண்ணில் சந்தேகத்துக்குரிய ஆசாமி. சம்பளம் மாதாமாதம் வருகிறது. வருமான வரி பிடித்தம் ஆகிறது. வாடகை பாக்கி இல்லை. அண்ணாச்சி கடையில் கணக்கு நோட்டு இல்லை. நல்ல மனிதர் என்று தெருவே சொல்லும். கடன் வரலாற்றுக்கு எண் போடும் சிபில் நிறுவனம் சொல்லாது. அங்கே அவர் பெயருக்கு நேரே எண் இருக்காது. வரலாறு இல்லை என்றுதான் இருக்கும். நாலு இடத்தில் கடன் வாங்கி, தவணை தவறி, வாசலில் ஆள் வந்து நின்று சத்தம் போட்ட பிறகு கட்டியவருக்குக்கூட 300-க்கும் 900-க்கும் நடுவில் ஓர் எண் உண்டு. யோக்கியனுக்கு அதுவும் கிடையாது.

எண் இல்லாவிட்டால் கிரெடிட் கார்டு இல்லை. கார்டு இல்லாவிட்டால் எண் இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பதைப் பாட்டிகள் வேடிக்கைக்குச் சொன்னார்கள். வங்கிகள் அதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாக 2025-ல் நாடாளுமன்றத்திலேயே அரசு பதில் கொடுத்தது. நல்லது. இப்போது அந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை. ‘இன்டர்னல் பாலிசி’ என்று சொல்லித் தள்ளுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை. வயது முப்பத்தொன்று. அரசு உதவிபெறும் பள்ளி. ஒரு நாள் வகுப்பு நடுவே செல்போனில் குறுஞ்செய்தி: வாழ்த்துகள்! மூன்று லட்சம் ரூபாய் லிமிட்டுடன் கிரெடிட் கார்டு உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ் ஆகியிருக்கிறது. அவர் விண்ணப்பிக்கவில்லை. அந்த வங்கியில் அவருக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் யாரோ எங்கோ உட்கார்ந்து அவரைப் பரிசீலித்து, மனம் உருகி, ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். லிங்கைத் தட்டினார். பான் எண், ஆதார், அம்மாவின் பெயர், மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் கேட்டது. கொடுத்தார். பிறகு வீடியோ கேஒய்சி.

“கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்க மேடம்.”

சிமிட்டினார்.

“பான் கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க. வெளிச்சம் அடிக்குது, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. இப்ப வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் காட்டுங்க. பின்னாடி யாரு மேடம் நிக்கிறது? யாரும் இருக்கக் கூடாது.”

பின்னால் நின்றது மாமியார். என்ன குற்றத்துக்காக மருமகளைப் படம் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்.

பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உள் கொள்கைப்படி தற்போது கார்டு வழங்க இயலவில்லை. ஆர்வம் யாருக்கு இருந்தது? விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ‘உள் கொள்கை’ என்பது குறிப்பான காரணம் என்றால், ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது தீர்ப்பு. இதற்கிடையே அந்த விண்ணப்பம் சிபிலில் ஒரு விசாரணையாகப் பதிவாகிவிட்டது. ஆக, இப்போது அம்மணிக்கு வரலாறு உண்டு. கார்டு கேட்டு அலைந்தவர் என்ற வரலாறு. அடுத்த மாதம் அதே வங்கியிலிருந்து மறுபடி குறுஞ்செய்தி. வாழ்த்துகள்!

ஏன் தள்ளினார்கள் என்று வங்கி சொல்லாது. கார்டு விற்கிற பையன்களைக் கேளுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். “ஏரியா நெகட்டிவ் சார்.” சில பின்கோடுகளைக் கேட்டதுமே விண்ணப்பம் நகராது. வடசென்னைக்காரர்களிடம் விசாரித்தால் கதை கதையாக வரும். வக்கீலா, போலீஸா, பத்திரிகைக்காரனா, அவர்களிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. வசூலுக்குப் போனால் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது. ஊர், தெரு பார்த்து ஆளை எடைபோடுவது நமக்குப் பழைய வழக்கம். அதற்கு இப்போது ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்று பெயர்.

அந்தப் பையன்களை நான் திட்டமாட்டேன். பெட்ரோல் பங்க்கிலும் மால் எஸ்கலேட்டர் பக்கத்திலும் மேஜை போட்டு, பக்கத்தில் ஓர் இலவச டிராலி பேக்கை நிறுத்தி, சித்திரை வெயிலில் டை கட்டி நிற்கிறார்களே, அவர்கள் பெரும்பாலும் வங்கியின் ஊழியர்களே அல்ல. ஏஜென்சியின் ஆட்கள். பாதிப் பேர் இன்ஜினியரிங் முடித்தவர்கள். மாதத்துக்கு இத்தனை கார்டு என்று டார்கெட். ஒரு பையன் ஒரு நாள் என் வண்டியின் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, “லைஃப்டைம் ஃப்ரீ சார்” என்று ஆரம்பித்தான். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் டைமுக்குக் கட்டிட்டா ஒண்ணும் வராது சார்” என்றான். கட்டாவிட்டால்? மெல்லக் குரலைத் தாழ்த்தினான். “எனக்காக ஒண்ணு எடுங்க சார். மாசக் கடைசி. ஆறு மாசம் டிராயர்ல போட்டு வைங்க, அப்புறம் குளோஸ் பண்ணிடுங்க.” முதல் கார்டை நாம் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்த மாதக் கடைசியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

அவன் சொல்லாத வட்டிக்கு வருவோம். விளம்பரத்தில் அது இருக்காது. விளம்பரத்தில் ஒரு ஜோடி பாரிஸில் காபி குடிக்கும். வட்டி உள்ளே எங்கோ, மாதம் 3.5 சதவீதம் அல்லது 3.75 சதவீதம் என்று இருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மூணே முக்கால் வட்டி. ஆண்டுக்கு 45 சதவீதம். தெருமுனை ஃபைனான்ஸ்காரரிடம் மூணே முக்கால் வட்டிக்குக் கடன் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அப்பா பேசமாட்டார். அம்மா சாப்பிடமாட்டார். அதே வட்டிக்கு ‘பிளாட்டினம்’ என்று பெயர் வைத்துக் கூரியரில் அனுப்பினால் மாமனார் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்கிறோம்.

அதே வங்கி நம் சேமிப்புக் கணக்குக்கு என்ன தருகிறது? ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். தாராளமான மனநிலையில் இருந்தால் மூன்று. வருஷம் முழுக்க நமக்குக் கொடுப்பதை விட அதிகமாக ஒரே மாதத்தில் நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. நம் பணத்தையே நமக்குக் கடன் கொடுத்து.

பில்லில் கட்டவேண்டிய தொகை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்தப் பாக்கி. இன்னொன்று குறைந்தபட்சத் தொகை. பல கார்டுகளில் 5 சதவீதம். அந்தச் சின்ன எண்ணில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. ஐம்பதாயிரம் பாக்கி என்று வையுங்கள். குறைந்தபட்சத் தொகை 2,500. கட்டிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஐம்பதாயிரத்துக்கு மூணே முக்கால் வட்டி ஒரு மாதத்துக்கு 1,875 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 337 ரூபாய் 50 காசு. ஆமாம், வட்டிக்கும் வரி உண்டு. அரசும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. ஆக 2,212 ரூபாய் 50 காசு போயிற்று. நீங்கள் கட்டிய 2,500-ல் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது 287 ரூபாய் 50 காசு. புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இப்படியே குறைந்தபட்சம் கட்டிக்கொண்டு போனால் கடன் பாதியாகவே ஏழு வருஷமாவது ஆகும். பிள்ளை எல்கேஜியில் இருந்தபோது வாங்கிய வாஷிங் மெஷின். பிள்ளை ஆறாவதுக்கு வந்துவிட்டான். மெஷின் காயலான் கடைக்குப் போய்விட்டது. பாக்கி மட்டும் இன்னும் பாதி இருக்கிறது.

அதோடு முடிந்ததா? மொத்தத்தையும் கட்டாமல் விட்டால் அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை ரத்து. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அடுத்து வாங்குகிற காய்கறிக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் கார்டைச் செருகிப் பணம் எடுத்தாலோ, சலுகை என்ற பேச்சே இல்லை. நோட்டு கைக்கு வருவதற்கு முன் கட்டணமும் வட்டியும் பிறந்துவிடும்.

குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. போடுகிறார்கள். எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பவருக்கு ரிவார்டு பாயிண்ட் தரலாம். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்குப் புண்பட்ட உடம்பின் படமும் எச்சரிக்கையும் போட வைத்த நாடு இது. கார்டு ஆப்பைத் திறந்தால் குறைந்தபட்சத் தொகையைக் கட்டும் பொத்தான் பளபளவென்று தயாராக நிற்கிறது. புகைப்பவரை மிரட்ட வேண்டும். கடன்பட்டவரைத் தட்டிக் கொடுக்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வாருங்கள். இங்கேதான் சிரிப்பு நின்று வேறேதோ வரும். 2003-ல் தமிழ்நாட்டில் அதீத வட்டியைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று பெயர் பெயராகக் குறிப்பிட்டு, மூன்றாண்டு வரை சிறை என்றது. மார்க்கெட்டில் காலையில் கொடுத்து மாலையில் வசூலிப்பவர் குற்றவாளி. சரி, உள்ளே போடுங்கள். வங்கிக்கு? வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறக்கவே முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதிக வட்டி வாங்கினால் சிறை. மிக ஒழுங்காக, கணினியில், ஏசி அறையில் வாங்கினால் பாதுகாப்பு.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒருமுறை துணிந்தது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. முப்பதே அதிகம் என்று சொல்லவில்லை பாருங்கள். முப்பதோடு நிறுத்துங்கள் என்றது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருஷம் ஓடியது. 2024 டிசம்பர் 20 அன்று, அப்படிச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. சரி, யாருக்கு அதிகாரம்? ரிசர்வ் வங்கிக்கு. ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது? வட்டி அநியாயமாக இருக்கக் கூடாது என்கிறது. எத்தனை சதவீதம் அநியாயம் என்று எண் சொல்லாது. அதே ரிசர்வ் வங்கி, முக்கிய நிபந்தனைகளை எந்த அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று மட்டும் எண் சொல்லியிருக்கிறது. ஏரியல் எழுத்துரு, குறைந்தது 12 பாயிண்ட். எழுத்தின் உயரத்துக்கு வரம்பு போட்டாயிற்று. வட்டியின் உயரத்துக்குத்தான் அளவுகோல் கிடைக்கவில்லை.

அந்த நிபந்தனைகள் உள்ளூர் மொழியிலும் இருந்தால் நல்லது என்று விதிகளில் ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். விளம்பரம் அழகுத் தமிழில் வரும். வசூல்காரர் இன்னும் அழகான தமிழில் பேசுவார். நிபந்தனைகள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

நல்லபடியாக மொத்தப் பாக்கியையும் மாதாமாதம் கட்டுபவர் இருக்கிறாரே, அவரை வங்கிகள் கொண்டாடும் என்று நினைப்பீர்கள். அமெரிக்கக் கார்டு தொழிலில் அவருக்கு ‘டெட்பீட்’ என்று செல்லப்பெயர். கடனை ஏமாற்றும் உதவாக்கரைக்குச் சொல்லும் வசவு அது. வட்டி கட்டாதவர் உதவாக்கரை; கட்ட முடியாமல் தத்தளித்து மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுபவர் குலசாமி. இந்தத் தொழிலின் ஆரம்பமே அப்படி. 1958-ல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, யாரும் கேட்காமலேயே அறுபதாயிரம் கார்டுகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. ஊரே தேர்ந்தெடுக்கப்பட்டது, ஊரில் ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே 1970-ல் அதைத் தடை செய்தார்கள். இங்கேயும் கேட்காத கார்டுக்குத் தடைதான். தபாலில் வராது. செல்போனில் வரும். விற்பனை அழைப்பு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. நமக்கு வருவது யாரோ ஒரு பெண்ணின் சொந்த செல் நம்பரிலிருந்து. பிளாக் செய்தால் அவள் தங்கை கூப்பிடுவாள்.

சலுகைகளைப் பற்றி நாலு வரி போதும். 150 ரூபாய் செலவுக்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு 25 காசு என்று ஒரு கார்டு. இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸி வேண்டுமானால் எட்டாயிரம் பாயிண்ட் சேர்க்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு லட்சம் செலவழிக்க வேண்டும். சேர்த்து முடித்தபின், பாயிண்ட்டை மாற்ற 99 ரூபாய் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்பார்கள்; போன காலாண்டில் இத்தனை ஆயிரம் செலவழித்திருந்தால் என்று பின்னால் ஒட்டியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விமானம் ஏறுகிறவர், ஒரு தட்டு உப்புமாவுக்காக மூன்று மாதம் தேவையில்லாமல் செலவழிக்கிறார். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ இன்னும் விசேஷம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் ஒளித்து வைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே எழுதிவிட்டது. பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு தீபாவளிக்குத் தீபாவளி அது திரும்பி வருகிறது.

தவணை தவறினால் என்ன ஆகும்? காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வசூல்காரர் கூப்பிடக் கூடாது என்று விதி. எட்டு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே பதினோரு மணி நேரம் இருக்கிறது. அலுவலகத்துக்குக் கூப்பிடலாம். தாங்க முடியாமல், நகையை அடகு வைத்துப் பாதியாவது கட்டி சமரசம் பேசினால், ‘செட்டில்டு’ என்று ஒரு முத்திரை. வருஷக்கணக்கில் அழியாது, கடன் விவரங்களைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த ஏழு வருஷம் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மேனேஜர் உங்களைப் பார்க்கமாட்டார், திரையைப் பார்ப்பார்.

பெரியவர்கள் கதை வேறு. 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். சொன்னது மத்திய அரசு, சொன்ன இடம் நாடாளுமன்றம். அதில் ஏழு லட்சம் கோடிக்கு மேல் பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்கியதுதான், தள்ளுபடி அல்ல என்று விளக்கமும் தந்தார்கள். பணம் வரவில்லை, ஆனால் விளக்கம் உடனே வந்தது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே ஏய்த்தவர்களோடும் மோசடிக்காரர்களோடும்கூட வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டது. வங்கி ஊழியர் சங்கங்களே கொதித்தன. ஆயிரம் கோடிக்குச் சமரசம் என்றால் டீ, பிஸ்கட், கூட்டறை. நாற்பதாயிரத்துக்குச் சமரசம் என்றால் ஏழு வருஷக் கறை.

இத்தனைக்குப் பிறகும் கார்டு எடுக்காமல் இருக்க முடியுமா? முடியாது. நாளைக்கு வீட்டுக் கடன் வேண்டும் என்றால் வரலாறு வேண்டும். அதனால் எடுங்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில், ஒரு சின்ன வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டைக் கேளுங்கள். நீங்களே கொடுத்த பணத்துக்கு அவர்களே தரும் கடன். அவமானம்தான், ஆனால் ‘இன்டர்னல் பாலிசி’ குறுக்கே வராது. ஆண்டுக் கட்டணம் இல்லாததாகப் பாருங்கள். டிராலி பேக்கைத் தொடாதீர்கள். தானியங்கிப் பிடித்தம் போடும்போது குறைந்தபட்சமா மொத்தமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்டை முடிக்க நினைத்தால் அது தனிப் பிரயாணம். கார்டு வேண்டுமா, எண் ஒன்றை அழுத்தவும்; உடனே மனிதக் குரல். முடிக்க வேண்டுமா, எந்த எண் என்று சொல்லவேமாட்டார்கள். இசை கேட்டு, மறுபடி இசை கேட்டு, ஒருவழியாக ஒரு தேன் குரல் கிடைக்கும். “ஏன் சார் குளோஸ் பண்றீங்க? உங்களுக்காகவே லிமிட்டை டபுள் பண்ணித் தர்றோம் சார்.” கடனிலிருந்து வெளியேற வந்தவருக்கு இரட்டிப்புக் கடன் தருகிறார்கள். அந்த நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள். பாக்கி ஏதும் இல்லாத கார்டை முடிக்கக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி முடித்துத் தர வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு அபராதம் கட்ட வேண்டும். 2022-ல் வந்த விதி. பாயிண்ட் சேர்க்க வேண்டாம், காலாண்டுச் செலவு வேண்டாம், மாற்றுக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டில் இருக்கும் ஒரே உருப்படியான சலுகை இதுதான். இதை எடுத்துக்கொள்ளச் சொல்லி இதுவரை யாரும் எனக்கு போன் செய்ததில்லை.